ஒரே ஊரில் எத்தனை மாரியம்மாள்?

டாக்டரம்மா ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு என் பதிவேட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் எதிரில் நின்றேன். பங்குனி வெயிலில் பிரசவ விடுதியின் தகரக் கூரை கொதித்தது. மேசையில் அவர் பாதி குடித்த மோர் இருந்தது. நான்காவது பக்கத்தில் விரல் நின்றது. பின்னால் போனது. மறுபடியும் முன்னால் வந்தது.

“இந்த ஊர்ல பெண் குழந்தைக்கு வேற பேரே கிடையாதா?” என்றார்.

எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். மாரியம்மாள், மாரியம்மாள், மாரியப்பன், மாரியம்மாள். நடுவில் ஒரே ஒரு வசந்தா. அது மேலத்தெருக் குழந்தை. அதற்குக் கீழே மறுபடியும் மாரியப்பன்.

“அவங்க சொன்னதைத்தான் எழுதினேன், டாக்டர்.”

“இல்லாத பிள்ளை பேர்ல சர்க்கார் பால் பவுடர் வாங்குறவங்களும் இப்படித்தான் எழுதுவாங்க. பேர் யோசிக்கக்கூட சோம்பல்.” பதிவேட்டை மூடினார். “அடுத்த தடவை நான் வர்றப்ப ஒவ்வொரு பிள்ளைக்கும் அதோட பேர் இருக்கணும். இல்லேன்னா நீ வேலையில இருக்க மாட்டே.”

விருதுநகரிலிருந்து வந்த ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. என் கணவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு போன பிறகு என்னிடம் மிஞ்சியிருந்தது இந்த மருத்துவச்சி வேலை ஒன்றுதான். அதையும் மாரியம்மாள் கொண்டுபோகப் பார்த்தாள்.

நான் வேலை பார்த்த ஊர்

அந்த ஊரின் பெயரை இன்றைக்கும் சொல்ல மாட்டேன். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தப்பட்ட வீட்டின் வாரிசுகள் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சந்தேகம் என் கூடவே பிறந்த குணம். கடையில் உப்புப் பொட்டலம் வாங்கினால்கூட அங்கேயே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவேன். யாராவது என்னை அளவுக்கு மேல் நலம் விசாரித்தால் என்ன கேட்க வந்திருக்கிறார்கள் என்று யோசிப்பேன். இதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. ஏமாந்ததும் குறைவு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் இந்தக் கதையில் நான் நன்றாகவே ஏமாந்தேன்.

ஊரில் மேலத்தெரு நிலக்காரர்களுடையது. கீழத்தெருக்காரர்கள் அவர்கள் காடுகளில் பருத்தியும் கம்பும் விளைவித்தவர்கள். நான் போன சமயத்தில் கீழத்தெருப் பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். தொழிற்சாலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். காலையில் வண்டி வரும், ஏறிப் போவார்கள், கைக்குழந்தையும் கூடவே போகும். ஆண்கள் இன்னும் காட்டு வேலையில்தான் இருந்தார்கள்.

பிறந்த பதினாறாம் நாளுக்குப் பிறகு வீட்டுக்குப் போய்க் குழந்தையின் எடை பார்த்து, பெயர் கேட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் அதன் நகல் ஒன்று கிராம முன்சீப்புக்குப் போகும். ஊரின் பிறப்பு இறப்புக் கணக்கு அவர் பொறுப்பு. மேலத்தெருவிலேயே பெரிய வீடு அவருடையது. கீழத்தெரு ஆண்களில் பாதிப் பேர் அவர் காட்டில்தான் வேலை செய்தார்கள்.

என் பெயர்க் கதை

பெயரைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்ததுதான் நான் செய்த தப்பு.

என் பெயர் பிச்சையம்மாள். எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் என்னைக் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் கிடத்தி, பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஒரு படி தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கி, இந்தப் பெயரை வைத்தார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனே முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவானாம். மதுரையில் பயிற்சிக்குப் போனபோது கூடப் படித்த சுசீலாக்களும் பத்மாக்களும் இந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பயிற்சி முடியும்வரை நான் எவளிடமும் மனம் விட்டுப் பேசவில்லை.

அந்தக் காலத்தில் பெயர்கள் வேகமாக மாறிக்கொண்டிருந்தன. விருதுநகர் பஜாரில் அன்பழகனும் தமிழ்ச்செல்வியும் பிறந்துகொண்டிருந்தார்கள். சிவகாசியில் அச்சடித்த காலண்டரில் லட்சுமி எந்தக் கோலத்தில் வருகிறாளோ அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு அந்த லட்சுமி. எல்லாம் சினிமா பண்ணுகிற வேலை என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை கிடையாது. குப்பம்மாளும் பிச்சையும் குறைந்ததற்குச் சினிமா காரணமில்லை. பிள்ளைகள் சாவது குறைந்ததுதான் காரணம். அதில் எங்களைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு, ஆனால் அதை யாரும் சொல்லக் காணோம்.

ஆகவே கீழத்தெருவில் எல்லாம் மாரியாக இருந்ததை நான் என் கதையை வைத்தே அர்த்தப்படுத்திக்கொண்டேன்.

வேப்பமரத்துத் தொட்டில்

டாக்டரம்மா போன மறுவாரம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். ஓலைக் கொட்டகைக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் கையைப் பார்க்காமலே அடுக்கினார்கள். மெழுகும் மருந்தும் கலந்த வாடை தொண்டையில் உட்கார்ந்தது. வெளியே வேப்பமரத்தில் ஏழெட்டுச் சேலைத் தொட்டில்கள் தொங்கின.

ஒரு தொட்டிலில் குழந்தை அழுதது. உள்ளேயிருந்து இருளாயி ஓடி வந்தாள். அவள் பிரசவம் நான் பார்த்ததுதான், தலைப்பிள்ளை, ஒரு பகலும் ஒரு இரவும் படுத்தி எடுத்தது. நான் மரத்துக்குப் பின்னால் நின்றதை அவள் பார்க்கவில்லை.

“என் ராஜலட்சுமிக்கு என்ன செய்யுது? எறும்பு கடிச்சிருச்சா என் ராஜலட்சுமிய?”

நான் இருமினேன். இருளாயி திரும்பினாள். முகம் ஒரு நொடியில் மாறியது.

“வாங்க நர்சம்மா. எப்ப வந்தீக? மாரிதான் அளுதுக்கிட்டு கெடக்கா. ஏ மாரி, மாரி…”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரவெல்லாம் கூட இருந்து பிள்ளையை எடுத்துக் கொடுத்தவளிடம் பொய்ப் பெயரா?

“ராஜலட்சுமி யாரு?”

“அது சும்மா கொஞ்சுறது.”

“பொய் சொல்லாதே இருளாயி. உன்னால என் வேலை போகப்போகுது.” டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே யோசித்தாள். “இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேர்ந்திருக்கோம் நர்சம்மா. முடி எறக்குற வரைக்கும் பிள்ளை ஆத்தாவோடது. வேற பேர் சொல்லக்கூடாது.”

எனக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. தவிட்டுக்கு விற்கப்பட்டவளுக்கு இது புரியாதா? ஆடி வரை பொறுத்துக்கொள்வோம், அதுவரை டாக்டரம்மா வராமலிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு திரும்பினேன்.

மொட்டையும் ஆனது, பெயர் மாறவில்லை

ஆடி கடைசி வெள்ளிக்குக் கீழத்தெருவே வண்டி கட்டிக்கொண்டு இருக்கன்குடி போய் வந்தது. மறுநாள் பார்த்தால் தெரு நிறைய மொட்டைத் தலைகள், பூசிய சந்தனம் வெயிலில் காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. நான் பதிவேட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

“பேர் சொல்லும்மா.”

“மாரியம்மா.”

“நேர்த்திதான் முடிஞ்சுபோச்சே?”

“மாரியம்மான்னே இருக்கட்டும், நர்சம்மா.”

ஒரு வீட்டில்கூட வேறு பெயர் வரவில்லை. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்ட விதமும் எனக்குப் பிடிக்கவில்லை. இது சாமி விஷயம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னிடம் எதையோ மறைக்கிறார்கள். தெருவே சேர்ந்து மறைக்கிறது.

இருளாயி வீட்டுக்குப் போய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றேன். அவள் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள், விரலெல்லாம் பசை. கையிலிருந்த பெட்டியை ஒட்டி முடித்துக் கீழே வைத்தாள்.

“எதுத்த வீட்ல ஒரு பிள்ளை நிக்குதே, தெரியுதா? எங்கக்கா மக. அது பேர் என்னன்னு கேளுங்க.”

எட்டு வயதிருக்கும். எண்ணெய் காணாத தலை. கேட்டேன். “குப்பம்மா” என்றது.

“அவளுக்கு முன்னால எதுவும் செத்துப்போச்சா?” என்றேன்.

“ஒண்ணும் சாகல. அவளுக்கு வச்ச பேரு ராஜலட்சுமி. மூணு மாசம் அந்தப் பேருதான். முன்சீப் அய்யா மக பேரும் அதுதான, பொஸ்தகத்துல பாத்துட்டாரு. எங்க மச்சானக் களத்துக்குக் கூப்பிட்டு விட்டாரு. ‘நாளைக்கு நீ உன் மகள, ஏட்டி ராஜலட்சுமி, நாயேன்னு தெருவுல வைவே. அது யார் மேல விழும்லே? என் மக மேலதான விழும்’னாரு. அங்கனயே நின்னு பேரை மாத்திட்டு வந்தாரு மச்சான். எங்கக்கா மூணு நாள் சாப்பிடல.”

திறந்து வைத்திருந்த பேனாவை மூடினேன்.

“அன்னைக்குப் பொம்பளைக எல்லாம் கூடிப் பேசினோம். பொஸ்தகத்துக்கு மாரி. மாரி பேரை வைக்காதன்னு எவரும் சொல்ல முடியாதுல்ல? வீட்டுக்குள்ள எங்க இஷ்டம். நாங்க சொல்ற பேரு உங்க கையில இருந்து எங்க போகுதுன்னு எங்களுக்குத் தெரியும் நர்சம்மா.”

மாதாமாதம் அந்த நகலை முன்சீப் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். சில மாதம் அங்கே காப்பியும் குடித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான் இவர்கள் ஏன் என்னைச் சந்தேகப்படக்கூடும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நான் செய்த திருட்டு வேலை

அன்றைக்கு இருளாயியிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். டாக்டரம்மா பார்க்கும் பதிவேட்டில் நிஜப் பெயர். முன்சீப்புக்குப் போகும் நகலில் மாரி. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது என்றேன்.

நம்பிக்கையில்லாமல்தான் சொன்னார்கள். ஒவ்வொருத்தியும் காதோடு வந்து சொன்னாள். சரோஜா, செல்வராஜ், கமலா, ராஜேந்திரன். ஒன்றுகூட அவர்கள் வீட்டுப் பழைய பெயர் இல்லை. எல்லாம் மேலத்தெருவில் பதினைந்து இருபது வருஷத்துக்கு முன்னால் வைத்த பெயர்கள். சிவப்பு மையில் மாரியை அடித்து மேலே எழுதினேன். பொய்க்கணக்கு எழுதினதாகப் பழி வந்தபோது நான் உண்மைதான் எழுதியிருந்தேன். இப்போதுதான் நிஜமாகவே பொய் நகல் எழுதினேன், அதுவும் நல்ல கையெழுத்தில்.

மூன்று மாதம் ஓடியது. ஐப்பசியில் ஒருநாள் டாக்டரம்மாவின் ஜீப் விடுதிக்கு வராமல் நேராக முன்சீப் வீட்டு வாசலில் நின்றது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி ஆள் வந்தது. அவரை அங்கே போகச் சொன்னது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு பேர் மேல் சந்தேகம், இரண்டு பேரும் இப்போது இல்லை.

கூடத்தில் ஒரு மேசை. ஒரு பக்கம் முன்சீப்பின் பிறப்புக் கணக்கு, இன்னொரு பக்கம் என் பதிவேடு. டாக்டரம்மா இரண்டிலும் விரல் வைத்து வரி வரியாக இறங்கினார்.

“இதுல ராஜலட்சுமி. அதுல மாரியம்மாள். ஒரே தேதி, ஒரே தகப்பன். இதுல எது பொய்?”

ராஜலட்சுமி என்றதும் முன்சீப் தலையை நிமிர்த்தினார்.

பதிவேடு உண்மை என்றால் இருளாயியைக் காட்டிக்கொடுத்தாகிறது. நகல் உண்மை என்றால் சிவப்பு மையில் இருக்கும் பெயரெல்லாம் நான் கற்பனை செய்ததாகிறது, என் வேலை அன்றோடு போய்விடும். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். என்ன செய்தேன் என்பதையும் எழுதத்தானே வேண்டும்?

“தாயைக் கூப்பிட்டுக் கேளுங்க, டாக்டர்” என்றேன்.

என் வேலையைத் தூக்கி அவள் வாயில் வைத்தேன். இதை விடக் கோழைத்தனமான காரியம் நான் செய்ததில்லை.

எவள் பெயர்?

இருளாயி தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்தாள். இடுப்பில் குழந்தை. வாசல்படிக்குக் கீழேயே நின்றாள், கீழத்தெருக்காரர்கள் அதற்கு மேல் வருவதில்லை. பேச முன்சீப்தான் தொடங்கினார், குரலை உயர்த்தாமல்.

“உன் பிள்ளைக்கு என்னட்டி பேரு?”

இருளாயி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டரம்மாவுக்கு உள்விவகாரம் எதுவும் தெரியாது. “பயப்படாம நிஜத்தைச் சொல்லும்மா. இந்த நர்ஸ் இஷ்டத்துக்குப் பேர் எழுதியிருந்தா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்” என்றார்.

குழந்தை அவள் தாலிக்கயிற்றை இழுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. மாரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவள் பாட்டுக்குப் போயிருக்கலாம். நான் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவள், போனால் இன்னொருத்தி வருவாள்.

“ராஜலட்சுமிங்க” என்றாள்.

“எவ பேரு அது?” முன்சீப் எழுந்துவிட்டார்.

“எம் மக பேருங்கய்யா.”

டாக்டரம்மா என் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். நகலைத் தப்பாக எழுதியதற்கு என்னைக் கடுமையாகத் திட்டினார், எழுத்தில் விளக்கம் கேட்பேன் என்றார். பிறகு பேனாவை முன்சீப் பக்கம் நீட்டி, “உங்க கணக்கையும் திருத்திடுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்” என்றார். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

முன்சீப் திருத்தினார். இருளாயி புருஷன் பெயருக்கு நேரே, தன் கையாலேயே, தன் மகள் பெயரை எழுதினார்.

ஜீப் போனதும் அவர் சொன்னது ஒரே வாக்கியம். “உன் புருசன் இனி என் காட்டுல கால் வைக்கக் கூடாது.”

அடுத்த வாரமே அவன் சிவகாசிப் பக்கம் ஒரு வெடி ஆபீசில் சேர்ந்தான். இருளாயி பேசுகிறவள், சிரிக்கிறவள். அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் பேச்சு நின்றுவிடும். தூரத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் எழுந்து நிற்பாள். அவன் தெருமுனையில் தலை காட்டிய பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “நீங்க ஒரு பகலும் ராத்திரியும் கூட இருந்து பிள்ளைய எடுத்துக் குடுத்தீகல்ல, அம்புட்டுத்தான்” என்றாள். அது பதில் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆனால் அந்த மாதம் கீழத்தெருப் பெண்கள் ஒருத்தி விடாமல் விடுதிக்கு வந்தார்கள். நகலிலும் நிஜப் பெயரை எழுதச் சொன்னார்கள். காதோடு சொல்லவில்லை. வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்கள்.

பெரிய வீட்டில் பிரசவம்

மறு வருஷம் முன்சீப் மகள், பெரிய ராஜலட்சுமி, புருஷன் ஊரான மல்லாங்கிணற்றிலிருந்து தலைப்பிரசவத்துக்கு அப்பா வீடு வந்தாள். பெண் குழந்தை. சுகப்பிரசவம். பதினாறு கழிந்து எடை பார்க்கப் போனேன்.

தொட்டிலைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. எடையைக் குறித்துக்கொண்டு, “பேர்?” என்றேன்.

ராஜலட்சுமி சிரித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். முன்சீப் வாசலிலிருந்து கனைத்தார். அவள் வாய் மூடிக்கொண்டது.

“பேர் இன்னும் முடிவாகல. காலியா விட்டு வைங்க” என்றார்.

“பேர் வச்சாச்சுன்னு நேத்து சர்க்கரை கொடுத்து விட்டீங்களே?”

“முடிவாகல.”

என்னை அவர் பார்த்த பார்வையை நான் அறிவேன். உப்புப் பொட்டலத்தை நான் பார்க்கிற அதே பார்வை. ராஜலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தையின் பெயரை உள்ளறையில்கூடக் குரலெடுத்துச் சொல்லக்கூடாது என்று உத்தரவாம், சமையல்காரி பிறகு சொன்னாள். அவளுக்கும் பெயர் தெரியாது. அந்த வீட்டில் எடுத்து வைத்த பழைய பெயர்களெல்லாம் கீழத்தெருவுக்குப் போய்விட்டன, இதுவாவது தங்களிடம் தங்கட்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

பதிவேட்டில் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு வெளியே வந்தேன். தெருமுனையில் இருளாயி நின்றாள். இடுப்பில் மகள், வயிற்றில் அடுத்தது, மாதம் ஏழு. தீப்பெட்டி ஆபீஸ் வண்டிக்குக் காத்திருக்கிறாளாம். அந்த வண்டி கீழத்தெருவுக்கே வரும், இங்கே வந்து நிற்க வேண்டிய அவசியமில்லை என்பது எனக்குத் தெரியும்.

“பெரிய வீட்டுப் பிள்ளைக்கு என்ன பேராம் நர்சம்மா?”

“சொல்ல மாட்டேங்கிறாங்க.”

“உங்ககிட்டயுமா?”

“என்கிட்டயும்தான்.”

இருளாயி அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“எத்தன நாளைக்குப் பொத்தி வைப்பாக? பிள்ளை நடக்க ஆரம்பிச்சு வாசலத் தாண்டிட்டா, பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான ஆகணும்?”